தொலைபேசி லைன் சிமுலேட்டரில் அழைப்பு வசதிகளை நிரலிடுதல்

தொலைபேசி லைன் சிமுலேட்டர் என்பது தொலைபேசி நிலையத்தின் வேலையைச் சிறிய அளவில் செய்யும் ஒரு பெட்டி. இதன் முனைகளில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சாதாரணத் தொலைபேசிகளைச் செருகலாம். ஒன்றின் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்கும்; எண்ணை அழுத்தினால் மற்றொன்றில் மணி அடிக்கும்; எடுத்துப் பேசலாம். உண்மையான இணைப்பு எதுவும் தேவையில்லை, கட்டணமும் இல்லை. தொலைபேசி, ஃபேக்ஸ், பதில் பதிவுக் கருவி, அலாரம் டயலர், அலுவலக இ.பி.ஏ.பி.எக்ஸ். ஆகியவற்றைப் பழுது பார்ப்பவர்களும், தொலைத்தொடர்பு கற்பிக்கும் ஆய்வகங்களும் இதைப் பயன்படுத்துகின்றனர்.

எளிய சிமுலேட்டர் இரு தொலைபேசிகளை இணைப்பதோடு நின்றுவிடும். சற்று மேம்பட்டவற்றில் கால் வெயிட்டிங், கால் ஃபார்வர்டிங், காலர் ஐடி, ஹாட்லைன், வெளியூர் அழைப்புப் பூட்டு போன்ற அழைப்பு வசதிகளையும் நிரலிட முடியும். அந்த நிரலிடலின் அடிப்படையை இக்கட்டுரை விளக்குகிறது.

அழைப்பு வசதி எங்கே இருக்கிறது?

கால் வெயிட்டிங் தொலைபேசிக் கருவியில் உள்ள வசதி என்று பலரும் நினைப்பதுண்டு. உண்மையில் அது நிலையத்தில் உள்ளது. வீட்டிலிருக்கும் கருவிக்குத் தெரிந்தவை மிகச் சில: ரிசீவரை எடுத்ததைச் சொல்வது, எண்களை அனுப்புவது, மணி அடிப்பது, குரலைக் கடத்துவது. ஓர் அழைப்பை யாருக்கு அனுப்புவது, எதைத் தடுப்பது, எப்போது இடைமறிப்பது என்பதையெல்லாம் நிலையமே முடிவு செய்கிறது.

அமெரிக்காவின் ஆல்மன் ஸ்ட்ரோஜர் 1891-இல் காப்புரிமை பெற்ற தானியங்கி முறையில், ஒவ்வொரு துடிப்புக்கும் ஓர் இயந்திரக் கை ஒரு படி நகர்ந்தது. அங்கே ஒரு புதிய வசதியைச் சேர்க்க வேண்டுமானால் கம்பியையும் ரிலேயையும் சேர்க்க வேண்டும். 1965 மே மாதம் நியூ ஜெர்சி மாநிலத்தின் சக்கசன்னா என்னும் ஊரில் முதல் பெரிய மின்னணு நிலையம் சேவைக்கு வந்தது. அதில் அழைப்பை நடத்தும் விதிகள் கம்பியிலிருந்து நினைவகத்துக்கு மாறின. ஒரு சந்தாதாரருக்கு ஒரு வசதி தருவது என்பது அவர் பெயருக்கு நேரே உள்ள தரவில் ஒரு குறியை மாற்றுவது என்றாகிவிட்டது.

இந்தியக் கிராமங்களுக்கு இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது சி-டாட். 1984 ஆகஸ்டில் மத்திய அரசு தொடங்கிய இந்தத் தொலைத்தொடர்பு ஆய்வு மையத்தின் உருவாக்கத்தில் சாம் பிட்ரோடாவுக்கு முக்கியப் பங்குண்டு. அது வடிவமைத்த 128 முனைகள் கொண்ட ஊரகத் தானியங்கி நிலையம், 1986-இல் கர்நாடகத்தின் கிட்டூரில் முதன்முதலாக நிறுவப்பட்டது. குளிரூட்டப்பட்ட அறை இல்லாமலேயே வெப்பத்திலும் தூசியிலும் இயங்க வேண்டும் என்பதே அதன் வடிவமைப்பின் முதன்மை நிபந்தனை. லைன் சிமுலேட்டரை அத்தகைய ஊரக நிலையத்தின் மிகச் சிறிய உறவினர் என்று கொள்ளலாம். 128 முனைகளுக்குப் பதில் இரண்டோ நான்கோ முனைகள். ஆனால் செய்யும் வேலை அதேதான்.

லைனில் நடப்பவை

வசதிகளை நிரலிடுவதற்கு முன், சிமுலேட்டர் நம் நாட்டு லைனைப் போல நடந்துகொள்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளிநாட்டில் தயாரான பெட்டிகள் அந்நாட்டு ஒலிகளுடன் வரும். இந்திய லைனின் முக்கிய அளவுகள் இவை:

- ரிசீவர் வைத்திருக்கும்போது: 48 வோல்ட் நேர்மின்சாரம். எடுத்ததும் மின்னோட்டம் பாய்ந்து, கருவியின் முனைகளில் மின்னழுத்தம் பெரிதும் குறையும்.
- மணி: 75 வோல்ட், 25 ஹெர்ட்ஸ் மாறுமின்சாரம். 0.4 வினாடி அடித்து, 0.2 வினாடி நின்று, மீண்டும் 0.4 வினாடி அடித்து, 2 வினாடி ஓயும்.
- டயல் டோன்: 25 ஹெர்ட்ஸால் பண்பேற்றப்பட்ட 400 ஹெர்ட்ஸ் ஒலி, இடைவிடாமல்.
- மறுமுனையில் மணி அடிப்பதைக் காட்டும் ஒலி: அதே ஒலி, மணியின் அதே தாளத்தில்.
- பிஸி டோன்: 400 ஹெர்ட்ஸ், 0.75 வினாடி ஒலி, 0.75 வினாடி அமைதி.
- நெரிசல் டோன்: 400 ஹெர்ட்ஸ், 0.25 வினாடி ஒலி, 0.25 வினாடி அமைதி.
- கால் வெயிட்டிங் டோன்: 400 ஹெர்ட்ஸ், 0.2 வினாடி ஒலி, 0.1 வினாடி அமைதி, மீண்டும் 0.2 வினாடி ஒலி, பின் 7.5 வினாடி அமைதி.

இவை தவறினால் மனிதக் காது பொறுத்துக்கொள்ளும், கருவிகள் பொறுக்காது. பிஸி டோன் கேட்டதும் லைனைத் துண்டிக்க வேண்டிய பதில் பதிவுக் கருவி, வேறு நாட்டுத் தாளத்தை அடையாளம் காணாமல் வெற்றொலியைப் பதிந்துகொண்டே இருக்கக்கூடும்.

மணியின் 75 வோல்ட் என்பது ஆர்.எம்.எஸ். அளவு. அதன் உச்சம் சுமார் 106 வோல்ட். அதோடு 48 வோல்ட்டும் சேரும். மணி அடிக்கும் நேரத்தில் திறந்த கம்பியைத் தொட்டால் நல்ல அதிர்ச்சி கிடைக்கும். எனவே பெட்டியைத் திறந்து வேலை செய்யும்போது மணிச் சோதனையைக் கடைசியில் வைத்துக்கொள்வது நல்லது.

ஒரே செயல், மூன்று பொருள்

ரிசீவரை வைக்கும் இடத்தில் உள்ள சுவிட்சை ஒரு கணம் அழுத்தி விடுவதாக வைத்துக்கொள்வோம். லைன் அறுந்து மீண்டும் சேர்கிறது. இதற்கு நிலையம் தரும் பொருள் அறுந்த நேரத்தைப் பொறுத்தது. சுமார் 67 மில்லிவினாடி அறுந்தால் அது சுழல் டயலின் ஒரு துடிப்பு, அதாவது எண் 1. அதைவிட நீண்டு, ஒரு வினாடிக்குள் முடிந்தால் அது ஃபிளாஷ். இன்னொரு அழைப்புக்கு மாறும் குறிப்பு. அதற்கும் மேல் நீண்டால் ரிசீவரை வைத்துவிட்டதாகப் பொருள்.

பல தொலைபேசிகளில் ஃபிளாஷ் பொத்தானுக்கு 100 அல்லது 600 மில்லிவினாடி என்று தேர்வு உண்டு. சிமுலேட்டர் 300-க்கு மேற்பட்டதை மட்டும் ஃபிளாஷ் என ஏற்குமாறு இருந்து, தொலைபேசி 100-இல் இருந்தால் கால் வெயிட்டிங் வேலை செய்யாது. பழுது கருவியிலும் இல்லை, பெட்டியிலும் இல்லை. இரண்டுக்கும் இடையிலான உடன்பாட்டில்தான். நிரலிடும்போது முதலில் அமைக்க வேண்டிய அளவு இதுவே.

எண்ணை அனுப்ப இரு வழிகள் உள்ளன. ஒன்று மேற்சொன்ன துடிப்பு முறை, வினாடிக்கு 10 துடிப்புகள். மற்றொன்று டி.டி.எம்.எஃப். எனப்படும் தொனி முறை. இதில் ஒவ்வொரு பொத்தானும் இரு ஒலிகளைச் சேர்த்து அனுப்பும். எண் 5 என்றால் 770 ஹெர்ட்ஸும் 1336 ஹெர்ட்ஸும். நட்சத்திரம், ஹாஷ் பொத்தான்கள் துடிப்பு முறையில் இல்லை. ஆகவே *21* போன்ற குறியீடுகளை நம்பி வசதிகளை அமைத்தால், சுழல் டயல் தொலைபேசியிலிருந்து அவற்றை இயக்க முடியாது. அத்தகைய கருவிகளும் இருக்குமானால் வெறும் எண்களால் ஆன குறியீடு வைக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

தேனி மாவட்டம் பெரியகுளம் வட்டத்திலுள்ள ஜெயமங்கலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தைக் கற்பனை செய்வோம். வீட்டில் ஒரு தொலைபேசி, தோப்பில் ஒன்று, கடையில் ஒன்று. சிமுலேட்டரில் இவற்றுக்கு முறையே 201, 202, 203 என்று எண் கொடுப்போம்.

தோப்பு நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டர் தள்ளி இருப்பதாகக் கொண்டால் அந்தத் தொலைவையும் போலச் செய்யலாம். 0.5 மில்லிமீட்டர் செப்புக் கம்பி இணைக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 176 ஓம் தடை; 5 கிலோமீட்டருக்கு 880 ஓம். நிலையத்தின் ஊட்டுத் தடை 400 ஓம், தொலைபேசியின் தடை 300 ஓம் என்று சேர்த்தால் மொத்தம் 1580 ஓம். 48 வோல்ட்டை அதனால் வகுத்தால் சுமார் 30 மில்லி ஆம்பியர். பக்கத்து வீட்டுக்கு இதே கணக்கில் சுமார் 69 மில்லி ஆம்பியர் வரும். 202-இன் கம்பியில் 880 ஓம் தடையைச் சேர்த்துவிட்டால், மேசையில் வேலை செய்யும் கருவி தோப்பிலும் வேலை செய்யுமா என்பது ஓரளவு தெரிந்துவிடும். இதற்கு ஊட்டு மின்னோட்டத்தைத் தானே நிலையாக வைத்துக்கொள்ளாத பெட்டியாக இருக்க வேண்டும்.

இனி வசதிகள். ஒவ்வொரு வசதியையும் 'இந்த நிலையில், இது நடந்தால், இதைச் செய்' என்ற ஒரே அச்சில் எழுதலாம்.

கால் ஃபார்வர்டிங்: 201-க்கு அழைப்பு வந்து, 15 வினாடி யாரும் எடுக்காவிட்டால் 202-க்கு அனுப்பு. நம் மணியின் ஒரு சுற்று 3 வினாடி என்பதால் 15 வினாடி என்பது ஐந்து மணி. எல்லா அழைப்பையும் உடனே அனுப்புவது, பிஸியாக இருந்தால் மட்டும் அனுப்புவது என இதற்கு இன்னும் இரு வகைகள் உண்டு. ஐரோப்பிய வழக்கத்தையும் செல்பேசி வழக்கத்தையும் ஒட்டிய பெட்டிகளில் *21*202# என்று அழுத்தினால் உடனடி ஃபார்வர்டிங் பதிவாகும். #21# அதை நீக்கும். அமெரிக்கப் பெட்டிகளில் *72 என்பதே வழக்கம்.

கால் வெயிட்டிங்: 201 பேச்சில் இருக்கும்போது இன்னோர் அழைப்பு வந்தால், பேசுபவரின் காதில் மட்டும் கால் வெயிட்டிங் டோனைக் கொடு. ஃபிளாஷ் வந்தால் முதல் அழைப்பை நிறுத்தி வைத்து இரண்டாவதை இணை.

ஹாட்லைன்: 202-இல் ரிசீவரை எடுத்து 5 வினாடி எந்த எண்ணும் அழுத்தாவிட்டால் 201-ஐ அழை. முதியவர்களுக்கும் எண் பழகாதவர்களுக்கும் மிகப் பயனுள்ள வசதி இது.

வெளியூர் அழைப்புப் பூட்டு: 203-இலிருந்து 0-வில் தொடங்கும் எண் வந்தால் நெரிசல் டோன் கொடு, சரியான இரகசிய எண் தரப்பட்டால் மட்டும் விடு. எஸ்.டி.டி. கட்டணம் உயர்வாக இருந்த காலத்தில் இந்தியாவில் பலரும் விரும்பிக் கேட்ட வசதி.

காலர் ஐடி: அழைப்பவரின் எண்ணைப் பெறுபவரின் கருவிக்கு அனுப்பு. பெரியகுளம் பகுதியின் 04546 என்ற குறியீட்டுடன் ஆறு இலக்க எண்ணையும் சேர்த்து அனுப்பிப் பார்த்தால், கருவியின் திரை 11 இலக்கங்களையும் காட்டுகிறதா என்று தெரியும். அனுப்பும் முறை நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்காவில் முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் இடையில் 1200, 2200 ஹெர்ட்ஸ் ஒலிகளாகச் செல்லும். இந்திய லைன்களில் லைனின் துருவத்தை மாற்றி, முதல் மணிக்கு முன்பே டி.டி.எம்.எஃப். ஒலிகளாக அனுப்பும் முறையும் வழக்கில் இருந்தது. அதற்கென அமைந்த தொலைபேசியை அமெரிக்க முறையில் உள்ள சிமுலேட்டரில் செருகினால் திரை வெறுமையாகவே இருக்கும். கருவி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டும் முன் இந்த அமைப்பைப் பார்க்க வேண்டும்.

விதிகள் மோதும் இடங்கள்

ஒவ்வொரு வசதியும் தனித்தனியே சரியாக இயங்கும். சிக்கல் வருவது அவை சேரும்போதுதான். சிமுலேட்டரின் உண்மையான பயன் இங்கேதான் தெரியும். பிறருடைய அழைப்புகளைக் கெடுக்காமல் இந்த மோதல்களை மேசையிலேயே வரவழைத்துப் பார்க்கலாம்.

முதலாவது, பிஸி ஃபார்வர்டிங்கும் கால் வெயிட்டிங்கும். இரண்டுமே '201 பேச்சில் உள்ளது' என்ற ஒரே நிகழ்வுக்கு உரிமை கோருகின்றன. முன்னுரிமையை எழுதாவிட்டால் பெட்டி எதையாவது ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். முதலில் டோன் கொடுத்து, 15 வினாடியில் ஃபிளாஷ் வராவிட்டால் அழைப்பைத் திருப்பி அனுப்புவது நியாயமான வரிசை.

இரண்டாவது, சுழற்சி. வீட்டிலிருந்து தோப்புக்கும் தோப்பிலிருந்து வீட்டுக்கும் ஃபார்வர்டிங் போட்டுவிட்டால் அழைப்பு எங்கும் போய்ச் சேராது. ஒரு முறை திருப்பப்பட்ட அழைப்பை மறுபடி திருப்பக் கூடாது என்ற விதி இதைத் தீர்க்கும்.

மூன்றாவது, பூட்டும் ஃபார்வர்டிங்கும். 203-இல் வெளியூர் அழைப்பைப் பூட்டியாகிவிட்டது. ஆனால் அங்கிருந்து ஒரு வெளியூர் எண்ணுக்கு ஃபார்வர்டிங் பதிவு செய்ய முடிகிறது என்றால், உள்ளூரிலிருந்து 203-ஐ அழைத்தே வெளியூர் பேசலாம். கட்டணம் 203-இன் கணக்கில் ஏறும். ஃபார்வர்டிங் எண்ணைப் பதியும்போதே பூட்டு விதியையும் சோதிக்க வேண்டும்.

நான்காவது, கால் வெயிட்டிங்கும் ஃபேக்ஸும். ஃபேக்ஸ் ஓடும்போது இடையில் டோன் புகுந்தால் பக்கம் கெடும். ஃபேக்ஸ் இணைந்த முனையில் கால் வெயிட்டிங்கை நீக்கி வைப்பதே எளிய வழி.

ஐந்தாவது எல்லாவற்றிலும் முக்கியமானது: அவசர எண்கள். 100, 101, 108, 112 ஆகிய எண்களை எந்தப் பூட்டும் தடுக்கக் கூடாது. பூட்டு விதிக்கு மேலே, 'இவை எப்போதும் திறந்தவை' என்ற விதியை முதலில் எழுத வேண்டும். ஹாட்லைனிலும் இதே கவனம் வேண்டும். ரிசீவரை எடுத்த மறுகணமே இணைக்கும் ஹாட்லைனில் 108-ஐ அழுத்த இடமே இல்லை. 5 வினாடி காத்திருக்கும் ஹாட்லைனில் இடம் உண்டு. வீட்டில் வைப்பதற்குக் காத்திருக்கும் வகையே பொருத்தம்.

அவசர அழைப்பைச் சோதிக்கவும் சிமுலேட்டரே சரியான இடம். உண்மையான லைனில் 108-ஐ அழைத்துப் பார்த்தால், யாரோ ஒருவரின் நெருக்கடிக்கு ஒதுக்க வேண்டிய நேரம் வீணாகும். சிமுலேட்டரில் 203-க்கே 108 என்ற எண்ணையும் கொடுத்துவிட்டால், அலாரம் டயலர் சரியாக அழைக்கிறதா என்று எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம்.

சோதிக்கும் வரிசை

எந்த வசதியும் போடாமல் முதலில் வெறும் அழைப்பைச் சோதிக்கவும்: டயல் டோன், மணி, பேச்சு, துண்டிப்பு. பின் ஒரு வசதியை மட்டும் போட்டுச் சோதித்து, அதை நீக்கி, அடுத்ததைப் போடவும். தனித்தனியே சரியானபின் இரண்டிரண்டாகச் சேர்க்கவும். ஐந்து வசதிகளுக்குப் பத்து இணைகள்தான். ஒரு மணி நேரத்தில் முடியும் வேலை. ஒவ்வோர் இணைக்கும் எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன என்று தாளில் எழுதிக்கொண்டால், பிறகு ஒரு விதியை மாற்றும்போது எதையெல்லாம் மறுபடி பார்க்க வேண்டும் என்பது தெரியும். ஒருபோதும் சிமுலேட்டரின் முனையை உண்மையான லைனில் செருகக் கூடாது. இரண்டுமே மின்சாரம் ஊட்டுபவை. எதிரெதிரே வைத்தால் ஏதாவது ஒன்று பழுதாகும்.

பெட்டி வாங்க முடியாதவர்கள் கணினியிலேயே இதைச் செய்யலாம். மார்க் ஸ்பென்சர் 1999-இல் தொடங்கிய ஆஸ்டெரிஸ்க் என்ற கட்டற்ற மென்பொருள் ஒரு முழுத் தொலைபேசி நிலையமாக இயங்கும். அதன் ஒலி அமைப்புக் கோப்பில் மேலே கண்ட இந்திய ஒலிகளுக்கெனத் தனிப் பகுதியே உண்டு. சாதாரணத் தொலைபேசியை இணைக்க ஒரு சிறிய இணைய வழி அடாப்டர் போதும்.

வீட்டுக்குள் வந்துவிட்ட சிமுலேட்டர்

செப்புக் கம்பிக்குப் பதிலாகக் கண்ணாடி இழை வழியே தொலைபேசி தரப்படும் வீடுகளில், சுவரில் ஓ.என்.டி. எனப்படும் பெட்டி இருக்கும். பழைய தொலைபேசியைச் செருக அதில் ஓர் இடமும் இருக்கும். கண்ணாடி இழையில் 48 வோல்ட் வராது, மணியும் வராது. அந்த மின்னழுத்தத்தையும் மணியையும் பெட்டியே உண்டாக்குகிறது. அதாவது அது ஒரு லைன் சிமுலேட்டர்தான். மறுபக்கம் உண்மையான வலையமைப்புடன் இணைந்திருக்கிறது என்பது மட்டுமே வேறுபாடு.

சிமுலேட்டரில் கற்ற அனைத்தும் இங்கே பயன்படும். ஃபிளாஷ் நேரம் பொருந்தாததால் கால் வெயிட்டிங் வேலை செய்யாமல் போகலாம். பல பெட்டிகள் சுழல் டயலின் துடிப்பைப் புரிந்துகொள்ளாது. சிறிய பெட்டியின் மணிச் சக்தி, பழைய கனமான மணியை அடிக்கப் போதாமல் போகலாம். கால் வெயிட்டிங் பெட்டியிலும் வலையமைப்பிலும் ஆகிய இரு இடங்களிலும் அமைந்திருந்து ஒன்றையொன்று குழப்பலாம்.

ஒன்று மட்டும் அடியோடு மாறியிருக்கிறது. செப்புக் கம்பிக் காலத்தில் தொலைபேசிக்கு மின்சாரம் நிலையத்தின் மின்கலத்திலிருந்து வந்தது. ஊரே இருண்டாலும் தொலைபேசி பேசியது. இப்போது வீட்டில் மின்சாரம் போனால் பெட்டியும் நிற்கும். அதோடு டயல் டோன், ஹாட்லைன், எப்போதும் திறந்திருக்க வேண்டிய 108 எல்லாம் நின்றுவிடும். காற்றுமழையில் மின்தடை ஏற்படும் ஊர்களில், முதியவர்களின் நம்பிக்கை அந்த ஒற்றைத் தொலைபேசியாக இருக்கும் வீடுகளில், பெட்டிக்கு ஒரு சிறிய மின்கல இணைப்பு தேவை. பல பெட்டிகள் 12 வோல்ட்டில் இயங்குவதால், அதற்கேற்ற சிறிய யு.பி.எஸ். கடைகளில் கிடைக்கிறது, வாங்கும் முன் பெட்டியின் அடாப்டரில் குறித்துள்ள வோல்ட், ஆம்பியர் அளவுகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பொருத்தியபின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ரிசீவரை எடுத்துப் பார்க்கவும். டயல் டோன் கேட்டால் பெட்டி மின்கலத்தில் இயங்குகிறது என்று பொருள்.